இரண்டாயிரம் பேருக்கு ஒரு மருத்துவச்சி

பாட்டிக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் எங்கள் வீட்டில் இரண்டு பதில் வரும். அம்மா ஐந்து என்பார். பாட்டி எட்டு என்பார். பாட்டி பெற்ற கணக்கைச் சொல்கிறார், அம்மா பிழைத்த கணக்கைச் சொல்கிறார். மிச்ச மூன்றும் கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்து இடுகாட்டில் கிடக்கின்றன. ஒன்றுக்குப் பெயர்கூட வைக்கவில்லையாம்.

அம்மா என்னைப் பெற்றது 1996இல். அந்தக் கர்ப்பத்தின் சுகாதாரப் புத்தகம் இன்னும் வீட்டில் இருக்கிறது. இளஞ்சிவப்பு அட்டை. உள்ளே மாதம் தவறாமல் ரத்த அழுத்தம், எடை, சிறுநீர்ச் சோதனை, வயிற்றின் உயரம். எழுதியவர் சாலைக்கு அந்தப்புறம் இருந்த மலாய்க் கம்பத்தின் கிளினிக் டேசாவில் வேலை செய்த ஒரு தாதி. பாட்டியின் முதல் பிரசவத்துக்கும் அம்மாவின் இந்தப் பிரசவத்துக்கும் இடையில் நாற்பது வருஷம். இரண்டும் அதே தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து கிளம்பிய பிரசவங்கள்தான்.

இந்த நாற்பது வருஷத்தில் மலேசியா செய்ததை உலகம் முழுவதும் பொதுச்சுகாதார வகுப்புகளில் பாடமாக நடத்துகிறார்கள். 1957இல் தீபகற்பத்தில் பிறந்த 1,000 குழந்தைகளில் ஏறக்குறைய 75 ஒரு வயதுக்குள் இறந்தன. 1990இல் அது 13. பிரசவத்தில் இறந்த தாய்மார்கள் 1957இல் 1,00,000 பிரசவத்துக்கு 280 பேர் அளவில் இருந்து 1990இல் 20 பேர் அளவுக்கு வந்தார்கள். உலக வங்கி 2003இல் இலங்கையையும் மலேசியாவையும் மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு முழுப் புத்தகமே போட்டது. பணக்கார நாடாக ஆவதற்கு முன்பே இதை எப்படிச் சாதித்தார்கள் என்பதுதான் அதில் கேள்வி.

நான் மருத்துவம் படித்தவனில்லை. தொழிற்சாலையில் பராமரிப்புப் பொறியாளர். புத்தகத்தைத் திறந்தபோது எனக்குப் பிடித்தது அந்த ஊரகச் சுகாதாரத் திட்டத்தின் கட்டமைப்பு வரைபடம். ரொம்ப அழகான டிசைன். ஆனால் பக்கம் பக்கமாகத் தேடியும் எனக்கு ஒன்று கிடைக்கவில்லை. இந்தப் படத்தில் எங்கள் தோட்டம் எங்கே?

பதிலுக்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1901இல் மால்கம் வாட்சன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் கிள்ளானுக்கு அரசாங்க டாக்டராக வந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தைத் திறந்தார்கள். திறந்த சில வாரங்களிலேயே மலேரியா ஆட்களைச் சாய்த்தது, துறைமுகத்தையே மூடிவிடலாமா என்ற பேச்சு வந்தது. கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்று ரொனால்ட் ராஸ் இந்தியாவில் கண்டுபிடித்து அப்போது நான்கு வருஷம்தான் ஆகியிருந்தது. வாட்சன் சதுப்பை வடிய வைத்தார். காட்டை வெட்டினார். கிள்ளானிலும் துறைமுகத்திலும் காய்ச்சல் மளமளவென்று இறங்கியது.

பிறகு அவர் தோட்டங்களுக்குப் போனார். அங்கே ஒரு விசித்திரம். கடலோரச் சமவெளித் தோட்டத்தில் காட்டை வெட்டி வாய்க்கால் எடுத்தால் மலேரியா போய்விடுகிறது. மலைப்பக்கத் தோட்டத்தில் அதையே செய்தால் கூடுகிறது. காரணம், கொசு ஒரே இனமில்லை. சமவெளியில் இருந்தது நிழலான சதுப்பில் முட்டையிடும் இனம். மலையடிவாரத்தில் இருந்தது வெயில் படும் தெளிந்த ஓடையைத் தேடும் இனம். காட்டை வெட்டி ஓடைக்கு வெயில் காட்டியதே தோட்டக்காரர்கள்தான். பால்மரம் நட்ட கையோடு கொசுவுக்கும் தொட்டில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். வாட்சன் அங்கே ஓடைகளை நிலத்தடிக் குழாய்க்குள் விட்டார், முடியாத இடத்தில் எண்ணெய் தெளிக்கச் சொன்னார். ‘மருந்தெண்ணெய் அடிக்கிற வேலை’ என்று பாட்டி காலம் வரைக்கும் தோட்டத்தில் ஒரு வேலை இருந்தது. பாட்டியின் மாமனார் அதைத்தான் செய்தாராம்.

அந்தக் காலத்துத் தோட்டம் எப்படி இருந்தது என்பதற்கு ஒரே ஒரு எண் போதும். 1911இல் மலாயா கூட்டு மாநிலங்களின் தோட்டங்களில் இறப்பு விகிதம் 1,000 தொழிலாளருக்கு 60ஐத் தாண்டியது. இத்தனைக்கும் அவர்களில் பெரும்பாலோர் வேலை செய்யும் வயதில் கப்பலேறியவர்கள். சாவதற்கான வயதே இல்லை.

அடுத்த ஆண்டு, 1912இல், தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்தது. தோட்டத்துத் தொழிலாளி நோயில் விழுந்தால் ஆஸ்பத்திரி, மருந்து, ஆள் எல்லாம் முதலாளியின் பொறுப்பு என்பது இந்தச் சட்டங்களின் வழியே உறுதியாயிற்று. 1922இல் இந்தியக் குடியேற்றச் சட்டம் வந்த பிறகு அந்தப் பக்கமிருந்தும் அழுத்தம் கூடியது, நிலைமை மோசமென்றால் ஆள் அனுப்புவதை நிறுத்த முடியும் என்ற பயம் தோட்டக்காரர்களுக்கு வந்தது. பெரிய தோட்டங்கள் தனி ஆஸ்பத்திரி கட்டின. சின்னவை சேர்ந்து பொது ஆஸ்பத்திரி வைத்துக்கொண்டன. வெள்ளைக்கார டாக்டர் எப்போதாவது வந்து போவார். மிச்ச நாளெல்லாம் டிரெசர்தான் டாக்டர்.

இதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். முப்பதுகளில் எடுத்துப் பார்த்தால் மலாய்க் கம்பத்துக்கு இருந்ததைவிடத் தோட்டத்துக்கு மருத்துவ வசதி கூடுதலாகவே இருந்தது. கம்பத்தில் பீடான் என்ற மருத்துவச்சியும் பொமோ என்ற மந்திர வைத்தியரும்தான். நகரங்களில் இருபதுகளிலிருந்து தாய்சேய் நல நிலையங்கள் மெல்ல வந்துகொண்டிருந்தன. ஊர்ப்புறத்துக்கு அது எட்டவில்லை. சிசிலி வில்லியம்ஸ் என்ற குழந்தை மருத்துவர் 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் பேசியபோது, தாய்ப்பாலுக்குப் பதிலாக டின்பாலை விற்பது கொலைக்குச் சமம் என்று கம்பெனிக்காரர்களின் முகத்துக்கு நேராகச் சொன்னார். பேச்சின் தலைப்பே ‘பாலும் கொலையும்’. பிறகு அவர் திரங்கானுவுக்குப் போனார், ஜப்பான்காரன் வந்ததும் சாங்கி சிறையில் கிடந்தார்.

போருக்குப் பிறகு அவசரகாலம். 1948க்குப் பிறகு காட்டோரம் இருந்த சுமார் ஐந்து லட்சம் பேரை, பெரும்பாலும் சீனர்களை, முள்வேலிக்குள் புதுக்கிராமங்களில் கொண்டுபோய் வைத்தார்கள். கம்யூனிஸ்டுகளுக்கு அரிசியும் மருந்தும் போகாமல் இருக்க. அடைத்து வைத்த ஜனத்தை வெறும் வேலியால் வைத்திருக்க முடியாது என்று அரசாங்கத்துக்குச் சீக்கிரமே தெரிந்தது. செஞ்சிலுவைச் சங்கத் தாதிகளும் செயின்ட் ஜான் தாதிகளும் வேனில் கிராமம் கிராமமாகப் போனார்கள். ஆஸ்பத்திரிக்கு ஆளை வரச் சொல்லாமல் ஆள் இருக்கிற இடத்துக்கு மருந்தைக் கொண்டுபோவது பெரிய அளவில் நடந்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். அது அன்பினால் வந்ததில்லை. துப்பாக்கிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போட்ட திட்டம்.

அதே காலகட்டத்தில், 1953இல், ஊரகச் சுகாதாரச் சேவைத் திட்டம் தொடங்கியது. அதற்கு வேண்டிய ஆட்களைப் பயிற்றுவிக்க கெடாவின் ஜித்ராவில் ஒரு நிலையம். யுனிசெப்பும் உலகச் சுகாதார நிறுவனமும் கை கொடுத்தன.

நான் மயங்கிப்போன டிசைன் இதுதான். 50,000 பேருக்கு ஒரு முதன்மை நிலையம்: அங்கே டாக்டர், பல் மருத்துவர், பொதுச்சுகாதாரத் தாதி, சுகாதார இன்ஸ்பெக்டர். அதன் கீழே நான்கு துணை நிலையங்கள்: மருத்துவ உதவியாளரும் தாதிகளும். அவற்றின் கீழே இருபது மருத்துவச்சி கிளினிக்குகள். ஒரு மருத்துவச்சிக்கு 2,000 பேர். கணக்குப் போட்டுப் பாருங்கள். முதன்மை நிலையத்தையும் சேர்த்து ஐந்து நிலையங்களிலும் ஆளுக்கொரு மருத்துவச்சி, வெளியே இருபது பேர், ஆக 25. 25ஐ 2,000ஆல் பெருக்கினால் 50,000. ஒரு ஆள் விடுபடவில்லை.

அதிலும் மருத்துவச்சி கிளினிக் தனி அழகு. அது கிளினிக்கும் வீடும் சேர்ந்த கட்டடம். ஒரு பாதியில் பரிசோதனை அறை, மறு பாதியில் மருத்துவச்சி குடித்தனம். ராத்திரி இரண்டு மணிக்கு வலி எடுத்தால் கதவைத் தட்டலாம். பொறியியலில் இதை நாங்கள் வேறு பெயரில் சொல்வோம்: பழுது ஏற்படும் இடத்திலேயே ஆளைக் குடிவைப்பது.

நாடு சுதந்திரமடைந்ததும் இது வேகமெடுத்தது. துன் அப்துல் ரசாக் ஊரக மேம்பாட்டுக்குத் தனி அமைச்சை வைத்துக்கொண்டு, மாவட்டத்துக்கு ஒரு ‘சிவப்புப் புத்தகம்’ போட வைத்தார். எந்தக் கம்பத்துக்குச் சாலை, எங்கே பாலம், எங்கே பள்ளி, எங்கே கிளினிக் என்று வரைபடத்தோடு. அதிகாரிகள் நடவடிக்கை அறையில் நின்று கணக்குச் சொல்ல வேண்டும். ராணுவம் அவசரகாலத்தில் செய்த முறையை அப்படியே சாலைக்கும் கிளினிக்குக்கும் திருப்பிவிட்டார்கள்.

ஆட்களை எப்படி வரவழைத்தார்கள் என்பது கட்டடத்தைவிடப் பெரிய விஷயம். இருபது வயதுப் பெண்ணைச் சீருடையில் கம்பத்துக்கு அனுப்பிவிட்டால் எந்தத் தாய் நம்புவாள்? பழைய பீடானைத் தடை செய்திருந்தால் அவர்கள் மறைவாகப் பிரசவம் பார்த்திருப்பார்கள். அரசாங்கம் அவர்களைப் பதிவு செய்தது, பயிற்சி கொடுத்தது, சுத்தமான கத்தரியும் நூலும் வைத்த பை கொடுத்தது. போகப்போக ஒரு எழுதப்படாத ஒப்பந்தம் உண்டாயிற்று. பிரசவம் அரசாங்க மருத்துவச்சி பார்ப்பார், பிரசவித்தவளுக்கு உடம்பு பிடித்துவிடுவது, குளிப்பாட்டுவது, ஓதுவது எல்லாம் கம்பத்து பீடான். இரண்டு பேருக்கும் மரியாதை குறையவில்லை. இந்த ஒரு முடிவுக்காகவே அந்தக் கால அதிகாரிகளுக்கு எழுந்து நின்று கைதட்டலாம்.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். அந்த 2,000 பேர் யார்?

கம்பத்தில் குடியிருப்பவர்கள். திட்டம் கம்பத்தை நினைத்து, கம்பத்துக்கு நடுவில் நிலம் பார்த்து, கம்பத்துச் சாலையை ஒட்டிக் கட்டியது. தோட்டம் தனியார் நிலம். அங்கே அரசாங்கம் சாலையும் போடாது, கிணறும் வெட்டாது. மருத்துவமோ, 1912 தொடங்கி முதலாளியின் பாடு. தோட்டத்துக்குத்தான் ஏற்கெனவே ஆஸ்பத்திரி இருக்கிறதே, எதற்கு இன்னொன்று? கேட்டால் நியாயமாகத்தான் படுகிறது. எங்களுக்கு முதலில் கிடைத்த வசதியே எங்களை அடுத்த வரிசையில் சேர்க்காமல் விடுவதற்குக் காரணமாயிற்று.

துன் சம்பந்தன் 1955இலிருந்து 1957 வரை தொழிலாளர் அமைச்சர், அடுத்து 1959 வரை சுகாதார அமைச்சர். தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்க்க வேண்டிய மேசையிலும், கிளினிக் கட்ட வேண்டிய மேசையிலும் அடுத்தடுத்து உட்கார்ந்தவர் ஒரே மனிதர். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. இரண்டு மேசைகளுக்கும் இடையில் எவ்வளவு பெரிய பள்ளம் இருந்தது என்று காட்டத்தான்.

அந்தப் பள்ளம் ஐம்பதுகளிலேயே ஆழமாகிக்கொண்டிருந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின, வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். உங்கு அஜிஸ் இந்தத் தோட்டத் துண்டாடலைப் பற்றி அறுபதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆய்வே செய்தார். சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும் இதற்காகத்தான். நாம் இதை வேலை போன கதையாகவும் வீடு போன கதையாகவும் சொல்லிப் பழகியிருக்கிறோம். ஆஸ்பத்திரி போன கதையும் அதற்குள் இருக்கிறது. இரண்டாயிரம் ஏக்கர் தோட்டம் ஆஸ்பத்திரி வைக்கும், ஐம்பது ஏக்கர்காரன் பனடோல்கூட வைக்க மாட்டான்.

தோட்டம் உடையாத இடத்தில் டிரெசர் இருந்தார். எங்கள் இலக்கியத்தில் கிராணிக்கும் தண்டலுக்கும் கிடைத்த இடம் டிரெசருக்குக் கிடைக்கவில்லை என்பது என் குறை. பெரும்பாலும் மலையாளியாகவோ யாழ்ப்பாணத்தவராகவோ இருப்பார். சிலர் உண்மையிலேயே கெட்டிக்காரர்கள். 1965இல் தோட்ட மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம் வந்து தகுதியையும் வரையறுத்தது. ஆனால் அவர் சம்பளம் வாங்குவது தோட்டத்திடம். காலையில் பெரட்டுக்கு வராதவனுக்கு நிஜமாகவே நோயா இல்லையா என்று எழுதித்தர வேண்டியவரும் அவரே. ‘சிக்’ போட்டால் துரைக்கு ஒரு ஆள் குறைவு. கம்பத்து மருத்துவச்சியின் பேரேட்டில் நீங்கள் ஒரு குடியிருப்பாளர், பிறந்த நிமிஷத்திலிருந்து கணக்கில் இருக்கிறீர்கள். டிரெசரின் பேரேட்டில் நீங்கள் ஒரு செக்ரோல் நம்பர். நம்பர் இல்லாத கிழவியும் கைக்குழந்தையும் அந்த நம்பரோடு ஒட்டிக்கொண்டு வருபவர்கள்.

பாட்டியின் மூன்றாவது சாவு 1963இல். ஏழு மாதப் பையன். சனிக்கிழமை மத்தியானம் காய்ச்சல், பிறகு பேதி. டிரெசர் ஒரு கலர் தண்ணி மருந்து கொடுத்தார். ராத்திரி பிள்ளை கண்ணைச் சொருகியது. பொது ஆஸ்பத்திரி ஒன்பது மைல். தோட்டத்து லாரி எடுக்க வேண்டுமென்றால் கிராணி எழுதிக் கொடுக்க வேண்டும், கிராணி டவுனுக்குப் படம் பார்க்கப் போய்விட்டார். விடியும்போது பிள்ளை இல்லை. பாட்டி இதைச் சொல்லும்போது கோபம் இருக்காது, கிராணி பார்க்கப் போன படத்தின் பெயரைக்கூடச் சொல்வார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது வேறு. அந்த மலாய்க் கம்பத்து மருத்துவச்சி கிளினிக் அப்போதே இருந்தது. இரண்டு மைல்கூட இல்லை. கதவைத் தட்டினால் திறக்கும் கிளினிக்.

“ஏன் பாட்டி அங்க போகல?”

“அது கம்பத்துக்காரவங்களோடதுய்யா. நமக்குத்தான் டிரெசர் இருக்காரே.”

போகக்கூடாது என்று யாரும் போர்டு வைக்கவில்லை. போயிருந்தால் அந்த மருத்துவச்சி விரட்டியிருக்க மாட்டார் என்றே நம்புகிறேன். ஆனால் அந்த டிசைன் யாரை எண்ணிப் போட்டதோ அவர்களுக்குத்தான் அது தங்கள் இடமாகத் தெரியும். பாட்டி அந்த 2,000இல் இல்லை, அது பாட்டிக்கும் தெரிந்திருந்தது.

எழுபதுகளில் அரசாங்கம் தன் திட்டத்தைத் தானே பிரித்துப் பார்த்தது. மூன்றடுக்கு முறையில் ஒரே வேலையை இரண்டு இடத்தில் செய்கிறார்கள், மருத்துவச்சிக்குப் பிரசவம் தவிர வேறு வேலைக்கு அனுமதியில்லை, துணை நிலையத்தில் டாக்டர் இல்லை என்றெல்லாம் ஆய்வில் தெரிந்தது. மூன்றடுக்கை இரண்டாக்கினார்கள். துணை நிலையங்கள் வளர்ந்து இன்றைய கிளினிக் கெசிஹாதான் ஆயின. மருத்துவச்சி கிளினிக் கிளினிக் டேசா ஆனது, ஏறக்குறைய 4,000 பேருக்கு ஒன்று. மருத்துவச்சிகளைத் திரும்பப் படிக்க வைத்து ஊரகத் தாதிகளாக்கினார்கள். தடுப்பூசி, குழந்தை எடை, குடும்பக் கட்டுப்பாடு, சின்னச் சின்ன நோய் எல்லாம் அவர்கள் கைக்கு வந்தன. நன்றாக ஓடுகிற மெஷினை நிறுத்திக் கழற்றிப் பார்க்கும் தைரியம் எத்தனை மேலாளர்களுக்கு இருக்கும்?

எங்கள் தோட்டத்து லயத்துக்கு மிஸி ஸ்கூட்டரில் வந்தது எழுபதுகளின் கடைசியில் என்று பெரியம்மா சொல்கிறார். ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து ஊசி. ஒரு தடவை வந்தவர் திரும்பத் திரும்ப வந்தார். வராத வாரம் பெரியம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கம்பத்துக்கு நடந்தார். லயத்திலிருந்து அந்தப் படியேறிய முதல் ஆட்களில் அவரும் ஒருவர். எந்தச் சட்டத்தாலும் அது நடக்கவில்லை. சட்டம் 1990இல் புதுப்பிக்கப்பட்டபோதும் தோட்டத்து மருத்துவ வசதி முதலாளியின் பொறுப்பாகவே இருந்தது.

அம்மாவின் புத்தகத்துக்கு மறுபடி வருகிறேன். அதில் ஒரு பச்சை ஒட்டு இருக்கிறது. எண்பதுகளின் இறுதியில் கொண்டுவந்த நிற முறை. வெள்ளை என்றால் சிக்கலில்லை, கிளினிக் டேசா போதும். பச்சை என்றால் கிளினிக் கெசிஹாதானில் கண்காணிக்க வேண்டும். மஞ்சள் என்றால் டாக்டர் பார்க்க வேண்டும். சிவப்பு என்றால் யோசிக்காமல் ஆஸ்பத்திரி. எங்கள் கண்ட்ரோல் ரூமில் உள்ள அலாரம் பேனலுக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. ஆறாம் மாதம் ஒரு பக்கத்தில் பச்சைக்கு மேலே மஞ்சள் ஒட்டியிருக்கிறது. ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது. அடுத்த பக்கத்தில் டாக்டர் கையெழுத்து, அதற்கடுத்து ஆஸ்பத்திரி முத்திரை. அப்பா ஹோண்டா கப்பில் அம்மாவை வைத்துக்கொண்டு போனாராம், கிராணியிடம் எழுதி வாங்காமல்.

போன வருஷம் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் பாட்டியைக் கூட்டிக்கொண்டு போனேன். பால்மரம் போய்ச் செம்பனை வந்து ரொம்ப நாளாகிறது. டிரெசர் இருந்த கட்டடத்தில் உர மூட்டைகள். கம்பத்து கிளினிக் டேசா புதுப் பெயின்ட் அடித்து அதே இடத்தில் இருக்கிறது. லயத்தில் இப்போது இந்தோனேசியக் குடும்பங்கள். பாட்டி தன் பழைய வீட்டு வாசலில் நின்றார். உள்ளே இருந்து வந்த பெண் இடுப்பில் ஒரு பிள்ளை, மூக்கு ஒழுகிக்கொண்டு, நெற்றியில் கோயோ துண்டு ஒட்டி. காய்ச்சலா என்று நான் மலாயில் கேட்டேன். நான்கு நாளாகிறதாம். கடையில் மருந்து வாங்கிக் கொடுத்திருக்கிறாராம். கிளினிக் பக்கத்தில்தானே இருக்கிறது என்றேன். அவர் சிரித்தார். எங்களுக்கு ஒரு வெள்ளி, அவர்களுக்கு அது எத்தனையோ மடங்கு. “மஹால்,” என்றார். பாஸ்போர்ட் மண்டோரிடம் இருக்கிறது என்றும் சொன்னார்.

பாட்டி என்னைத் தள்ளிவிட்டு முன்னால் போனார். பிள்ளையின் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தார். தன் பாசார் மலாயில் எத்தனை மாதம் என்று கேட்டார்.

ஏழு என்றார் அந்தப் பெண்.

“ஐயா, காடிய எடு,” என்றார் பாட்டி.